முப்பத்தெட்டு நியூட்டன் கதவு

நல்ல கதவு என்றால் அதைத் திறந்த ஞாபகமே மனிதனுக்கு இருக்கக் கூடாது என்பது கதவுக்காரரின் கட்சி. முப்பது வருஷமாக அவர் பார்ப்பது டோர் குளோசர் வேலை. கதவின் தலைக்கு மேலே செங்கல் நீளத்துக்கு ஒரு பெட்டியும், மடக்கிய முழங்கை மாதிரி ஒரு கம்பியும் இருக்குமே, அதுதான். பெட்டிக்குள் ஒரு சுருள்வில், கொஞ்சம் எண்ணெய். நாம் திறந்து போட்டுவிட்டுப் போன கதவை அது தானாக மூடும், அறையாமல் மூடும். தினமும் அதற்கடியில் நடந்து போகிறவர்களில் அதன் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். அவருடைய பெயரும் அப்படித்தான். ஆஸ்பத்திரியோ அலுவலகமோ எங்கே போனாலும், "கதவு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். "வந்தாச்சு" என்று இவரும் சொல்லிக்கொண்டு உள்ளே போவார்.

யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரரைப் பார்க்க மாட்டார், கதவைப் பார்ப்பார். கீல் கிறீச்சிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கை கழுவப் போகிற சாக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் இரண்டாவது கவளம் போகும். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. நடத்துகிற அம்மாளுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் கதவைக் கையால் தள்ளிப் பார்த்து, "ம், சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் பையிலிருந்து ஒரு சுருள்வில் தராசை எடுப்பார். உருளையான உடம்பு, மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் கோடு கோடாக எண்கள். கொக்கியைக் கைப்பிடியில் மாட்டி மெல்ல இழுப்பார். கதவு அசையும் நொடியில் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் அந்தக் கதவைத் திறக்கத் தேவைப்படும் விசை. முதியோர் இல்லத்துக் கதவு இருபதைத் தாண்டக் கூடாது. காற்று அடிக்கிற வாசல் கதவு ஐம்பதாவது இருக்க வேண்டும். கதவு ஆளுக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டுமே தவிர, ஆள் கதவுக்குத் தகுந்த மாதிரி மாறக் கூடாது என்பார். சொல்லப்போனால் அவருக்கு வந்த வினையெல்லாம் இந்தக் கொள்கையால் வந்ததுதான்.

தராசுப் பழக்கம் அவருக்குத் தொழிலில் வந்ததில்லை, காதலில் வந்தது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் கதவு அறைகிறது என்று கூப்பிட்டார்கள். போனார். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். லேப் உதவியாளராக ஒரு பெண் இருந்தாள். மாணவர்கள் எல்லோரும் அவளை லேப் அக்கா என்று கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்த வாத்தியார்களும் அதே பெயரைச் சொன்னார்கள். நாமும் அக்கா என்றே சொல்லிவிடுவோம். இடது கையில் எடைக்கற்கள் அடுக்கிய தட்டோடு அக்கா வந்து நின்றாள்.

"முடிஞ்சுதுங்க. இனிமே பூ மாதிரி திறக்கும்" என்றார் கதவுக்காரர்.

"எவ்வளவு பூ?"

அவருக்குப் புரியவில்லை. அக்கா தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சுருள்வில் தராசை எடுத்துக் கொடுத்தாள். "இழுத்துப் பாருங்க. எத்தனைன்னு சொல்லுங்க."

அவர் கொக்கியை மாட்ட இடம் தேடி, கதவின் நடுவில் இருந்த ஒரு தாழ்ப்பாள் காதில் மாட்டி இழுத்தார். முள் தொண்ணூறுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் கதவு அசைந்தது. வேர்த்துவிட்டது. பூவாவது காயாவது.

"அங்க மாட்டினா அப்படித்தான்" என்றாள் அக்கா. "ஓரத்துல, கைப்பிடியில மாட்டுங்க. கீலுக்கு எவ்வளவு தூரம் தள்ளி இழுக்கறோமோ அவ்வளவு கம்மியா இழுத்தா போதும். நேரா இழுங்க, கோணலா வேண்டாம்."

கைப்பிடியில் நாற்பத்து நாலு காட்டியது. அக்கா தட்டை மறுபடி இடது கையில் ஏந்திக்கொண்டு வெளியே போய், வலது கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். எடைக்கற்கள் தட்டில் குலுங்கின. "அதிகம்" என்றாள். அவர் திருகைத் தளர்த்தி முப்பதுக்குக் கொண்டுவந்தார். திறக்க லேசாக இருந்தது, ஆனால் கதவு முழுக்க மூடாமல் ஒரு விரல்கடை திறந்தே நின்றது. மறுபடி முறுக்கினார். இப்படி ஏற்றி இறக்கி, அக்கா எட்டு முறை வெளியே போய் உள்ளே வந்து, கடைசியில் முப்பத்தெட்டில் இருவருக்கும் திருப்தி ஆயிற்று. தட்டும் குலுங்கவில்லை, கதவும் ஒழுங்காக மூடியது.

"அதென்ன நியூட்டன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார் அவர். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு முடித்துக்கொண்டவர்.

அக்காவுக்குப் பாடம் நடத்துகிற வேலை இல்லை. ஆனால் வருஷா வருஷம் விசைப் பாடம் நடக்கும்போது அலமாரிக்குப் பின்னால் நின்று கருவிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டவள். அதனால் தடுமாறாமல் சொன்னாள்.

"நீளத்துக்கு மீட்டர் மாதிரி, விசைக்கு நியூட்டன். தள்ளறது, இழுக்கறது ரெண்டும் விசைதான். விசை கண்ணுக்குத் தெரியாது, அது செய்யறதுதான் தெரியும். நிக்கிறதை நகர்த்தும், ஓடறதை நிறுத்தும், போற திசையை மாத்தும். இந்தச் சுருள்வில்லை நீட்டுது பாருங்க, அந்த மாதிரி உருவத்தையும் மாத்தும். அந்த நீட்டத்தை வச்சுத்தான் நாம அளக்கறோம்."

"அப்ப நகராத பொருள்மேல விசை இல்லையா?"

"யார் சொன்னா? இந்தப் பக்கம் நான் தள்றேன், அந்தப் பக்கம் நீங்க அதே அளவு தள்றீங்க. கதவு அசையாது. அசையலைங்கறதுக்காக நம்ம ரெண்டு பேரும் சும்மா நிக்கிறோம்னு ஆயிடுமா?"

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன கதவுக்காரர் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் அந்த ஒரே கதவுக்கு ஒன்பது தடவை சர்வீஸ் நடந்தது. கதவில் கோளாறா, கதவுக்காரரிடம் கோளாறா என்று தலைமையாசிரியரே கேட்கும்படி ஆனது. பத்தாவது தடவை சர்வீஸ் தேவைப்படவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா அவருக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு ஒரு புதிய சுருள்வில் தராசு. இன்றுவரை அவர் பையில் இருப்பது அதுதான்.

வாடகைக்குப் பிடித்த வீட்டின் வாசல் கதவுக்கும் லேபில் மாட்டிய அதே வகைப் பெட்டியை மாட்டி, அதே முப்பத்தெட்டில் வைத்தார். அக்கா சாயங்காலம் இரண்டு கையிலும் பை, காய்கறி, லேப் நோட்டுக் கட்டு என்று சுமந்துகொண்டு வருவாள். சாவியைத் திருப்பிவிட்டுத் தோளால் கதவை முட்டிக்கொண்டு உள்ளே நுழைவாள். கதவுக்குப் பின்னால் ஒரு குட்டை முக்காலி. கதவுக்காரர் முன்னதாக வந்த நாட்களில் அதில் உட்கார்ந்துதான் ஷூவைக் கழற்றுவார். கதவு நேரே வந்து அவர் முழங்காலில் இடிக்கும்.

"கொஞ்சம் பார்த்து வரக் கூடாதா?" என்பார்.

"முப்பத்தெட்டு கொடுத்தாத்தான் திறக்கும்னு செஞ்சு வச்சது யாரு? தள்ளி உட்காருங்க" என்பாள்.

இருபத்தைந்து வருஷத்தில் அவர் முக்காலியைத் தள்ளிப் போடவே இல்லை. குழந்தை இல்லாத அந்த வீட்டில் சாயங்காலம் நடக்கிற பெரிய நிகழ்ச்சி அந்த இடிதான். இடி வாங்கிய பிறகுதான் அவருக்கு நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

போன வருஷம் ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருந்த அக்காவின் வலது கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. பக்கவாதம் என்றார்கள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த கதவுகளில் பாதி அவர் மாட்டியவை. இரவும் பகலும் அவை சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவர் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதவைப் பார்க்காமல் வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தார்.

பேச்சு திரும்பியது. காலும் முக்கால்வாசி திரும்பியது. ஒரு பக்கம் இழுத்து நடந்தாலும் அக்கா யாரையும் பிடிக்காமல் நடந்தாள். வலது கைதான் சண்டித்தனம் செய்தது. தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். மெத்தென்ற பந்து ஒன்றும் ரப்பர் பட்டை ஒன்றும் கொடுத்தாள். "கைக்கு எதிர்ப்பு வேணும் சார். எதிர்ப்பு இருந்தாத்தான் தசை வேலை செய்யும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போங்க" என்றாள். இதில் கதவுக்காரர் காதில் விழுந்தது 'கொஞ்சம் கொஞ்சமா' மட்டும்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். அடுத்த பருவம் தொடங்கும்வரை அக்காவின் இடத்துக்கு யாரையும் நிரந்தரமாகப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். முடிந்தால் வரட்டும், பாதி நாள் வேலை போதும், தட்டுத் தூக்க வேறு ஆள் இருக்கிறது என்றார். அக்கா அதற்கெல்லாம் மசியவில்லை. "இடது கையில தட்டை வச்சுக்கிட்டு, வலது கையால அந்தக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போவேன். போக முடிஞ்சா வேலைக்கு வர்றேன், முடியலைன்னா வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்று தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். பரீட்சைக்குப் படிக்க வீட்டிலேயே அதே கதவு இருந்தது. அதே பெட்டி, அதே முப்பத்தெட்டு.

அதனால் தினமும் சாயங்காலம் ஒரு காரியம் நடந்தது. கதவுக்காரர் வந்ததும் அக்கா வெளியே வராந்தாவில் போய் நிற்பாள். அவர் பூட்டின் நாக்கு வெளியே வராதபடி ஒரு பட்டையை ஒட்டிவிடுவார். இனி கதவைப் பிடித்திருப்பது மேலே இருக்கிற பெட்டி ஒன்றுதான். கதவு மூடும். அவர் உள்ளே முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். வெளியே அக்காவின் உள்ளங்கை கதவில் பதிகிற சத்தம் கேட்கும். பிறகு மூச்சு. செருப்பு தரையில் வழுக்குகிற சத்தம். கதவு அசையாது. கொஞ்ச நேரம் கழித்து, "திறங்க" என்பாள். அவர் திறப்பார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவாள்.

ஒரு வாரம் பொறுத்தார். எத்தனையோ பேருக்குக் கதவை லேசாக்கிக் கொடுத்த கை. கைத்தடிக்காரர்களுக்கு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம். கட்டின மனைவி வாசலில் நின்று முட்டுகிறாள், தான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதா? ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் முக்காலியில் ஏறி, சுருள்வில்லின் இறுக்கத்தைப் பிடிக்கிற திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினார். அடுத்த ஞாயிறு இன்னொரு சுற்று.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, உள்ளங்கை பதிந்தது, மூச்சு கேட்டது, செருப்பு வழுக்கியது. கதவு அசைந்தது. பிளவில் வராந்தா வெளிச்சம் ஒரு கோடாக விழுந்து அகலமானது. அக்கா உள்ளே வந்து நின்றாள். வாய் ஒரு பக்கம் கோணியபடி சிரித்தாள், அழவும் செய்தாள்.

"முப்பத்தெட்டு" என்றாள்.

கதவுக்காரர் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தூங்கிய பிறகு மனசு கேட்காமல் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். பன்னிரண்டு.

பன்னிரண்டும் கைதான் கொடுத்தது, சும்மா வந்ததில்லை. ஆனால் அவள் சொன்ன எண் வேறு. அந்த எண்ணை அவள் முகத்திலிருந்து எடுத்துவிட அவருக்குத் தைரியம் இல்லை. அதோடாவது நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த ஞாயிறும் ஏறினார், அதற்கடுத்த ஞாயிறும் ஏறினார். "நேத்தைக்கு இன்னைக்கு லேசா இருக்கு" என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே ஏறினார். ருசி கண்டுவிட்டார்.

சுருள்வில் அவ்வளவு தளர்ந்தால் கதவு எப்படி மூடும்? பாதியில் நின்று தூங்கியது. "ஏங்க, கதவு சரியா மூட மாட்டேங்குதே" என்றாள் அக்கா. "கீலுக்கு எண்ணெய் விடணும்" என்றார் அவர். முப்பது வருஷத் தொழிலில் ஒரு கதவைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

பருவம் தொடங்க மூன்று நாள் இருக்கையில் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். பள்ளியில் ஆள் குறைவாக இருக்கும், முன்னால் போய் லேப் கதவையும் கொஞ்சம் தளர்த்திவிடலாம் என்றுகூட அவர் மனசு கணக்குப் போட்டது. அதற்குள் இயற்பியல் டீச்சர் எதிரே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாம எது எங்க இருக்குன்னே தெரியலக்கா" என்று சொல்லி, உள்ளேயிருந்து அந்தப் பழைய தட்டையே எடுத்துவந்து கொடுத்தாள். எடைக்கற்கள் அடுக்கியிருந்தன. அக்கா அதை இடது கையில் ஏந்தினாள்.

வலது உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். தள்ளினாள்.

கதவு சுவர் மாதிரி நின்றது. காலை மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். தட்டில் எடைக்கற்கள் குலுங்கின. டீச்சர் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தாள். அக்கா தலையை அசைத்து நிறுத்தினாள். மூன்றாவது தடவை அவள் நெற்றி கதவில் போய் இடித்தது.

"எங்கயோ பிடிக்குது" என்றாள் அக்கா. "ஏங்க, உங்க தராசை எடுங்க. இது இறுகிப் போயிருக்கு."

கதவுக்காரர் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போய்க் கைப்பிடியில் கொக்கியை மாட்டினார். அந்த நிமிஷம் அந்தத் தராசு உடைந்து போனால் தேவலை என்றிருந்தது. இழுத்தார். கதவு அவர் பக்கம் வழக்கம்போல வந்தது. திறந்த கதவுக்கு அப்பால் அக்கா தட்டோடு நின்று முள்ளைப் படித்தாள். முப்பத்தெட்டு.

அலமாரிக்குப் பின்னால் அத்தனை வருஷம் பாடம் கேட்டவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தட்டை டீச்சரிடம் கொடுத்தாள். "இன்னொரு நாள் வர்றேன்" என்றாள். வீட்டு வாசலுக்கு வந்ததும், "இதை அளங்க" என்றாள்.

அளந்தார். முள் ஒன்பதில் நின்றது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"முதல் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

"நான் லேசான கதவு கேட்டேனா?" என்றாள். "அது இந்த வீட்டைத் தவிர எங்கயும் கிடையாதுங்க. எனக்கு மிச்சம் இருந்ததே இந்தக் கை ஒண்ணுதான், அது என்ன சொல்லுதோ அதை நம்பினேன். நீங்க அதையே பொய் சொல்ல வச்சுட்டீங்க."

நீ வெளியே நின்று மூச்சு வாங்கியதைக் கேட்க முடியவில்லை என்று சொல்ல நினைத்தார். அது உண்மைதான். அதைவிட உண்மை ஒன்று இருந்தது. அவருக்குத் தேவையாக இருந்தது அந்த இடி. கதவு வந்து முழங்காலில் மோத வேண்டும், பழைய மாதிரி அவள் சிடுசிடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். அதற்கு அவர் அவசரப்பட்டுவிட்டார். ஆள் தேறும்வரை காத்திருக்க முடியாமல் கதவைத் தேற்றியிருக்கிறார்.

மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. பருவம் தொடங்கிய நாளன்று மணி எட்டானபோது அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தெருவில் சீருடைப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை நின்றாள். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருத்திக்காக இப்படி ஏங்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

நாலாம் நாள் சாயங்காலம் அக்கா வாயைத் திறந்தாள். "கதவைப் பழையபடி முப்பத்தெட்டுக்கு வைங்க."

"அவ்வளவு உடனே வேண்டாம். இருபது வச்சுப் பாக்கலாம்."

"முப்பத்தெட்டு."

வைத்தார். அவள் கண் முன்னாலேயே அளந்து காட்டினார்.

"இப்ப நான் வெளிய போறேன். நான் தள்ளுவேன், அது திறக்காது. திறக்காதுன்னு எனக்கே தெரியும். நீங்க உள்ள இருந்து தராசை மாட்டி மெல்ல இழுங்க. கதவு கிளம்பற இடத்துல எத்தனை காட்டுதுன்னு பாருங்க. ரெண்டு பேரும் ஒரே திசையிலதான் கொடுக்கறோம், ரெண்டும் கூடும். முப்பத்தெட்டுல உங்களது போக மிச்சம் என்னுது."

கதவுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாகத் தராசைத் தூக்கிக்கொண்டு அலைகிற தனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. கதவு அசையாதபோதும் அந்தப் பக்கம் அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவர்தான் அசையாத கதவைப் பார்த்து, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று பயந்துவிட்டார்.

அக்கா வெளியே போனாள். கதவு மூடியது. பூட்டு நாக்கில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று அவர் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். கொக்கியை மாட்டினார்.

"வச்சுட்டேன்" என்றது வெளியிலிருந்து குரல்.

இழுத்தார். பத்து. பதினைந்து. இருபது. இதிலேயே கிளம்பிவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. இருபத்தைந்து. கதவு நகரவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. இருபத்தாறு வந்தது. இதில் கிளம்பினால் பழைய பன்னிரண்டு. கிளம்பவில்லை. இருபத்தெட்டில் கதவு மெல்ல அவரை நோக்கி வந்தது.

கதவின் பிளவில் அக்காவின் முகம் தெரிந்தது. முள்ளை அவளால் பார்க்க முடியாது. அவர் உடம்பு மறைத்திருந்தது.

"எவ்வளவு?"

பதினைந்து என்று சொல்லலாம். பதினெட்டு என்றாலும் நம்புவாள். சொன்னால் அந்தக் கோணல் சிரிப்பு இன்னொரு தடவை கிடைக்கும். அதற்காக அவர் எதையும் கொடுப்பார்.

"இருபத்தெட்டு இழுத்தேன்" என்றார். "உன்னுது பத்து."

அதோடு நிறுத்தவில்லை அவர்.

"முன்னாடி பன்னிரண்டு இருந்துச்சு. முதல் தடவை திறந்தியே, அன்னைக்கு அளந்தேன். அப்புறம் நான் லேசாக்கிக்கிட்டே போனதால கைக்கு வேலை இல்லாம ரெண்டு குறைஞ்சிருக்கு. அது என்னால போச்சு."

வராந்தாவில் யாரோ படி ஏறிப் போனார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பத்து இருக்கில்ல" என்றாள். "சைபர் இல்லையே."

"இல்ல."

"அப்ப சாத்துங்க. இன்னொரு தடவை பாக்கலாம்."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. சமையலறைச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. அதில் தினமும் ஒரு எண், அக்காவே இடது கையால் எழுதுவது. பத்து, பத்து, பதினொன்று, ஒன்பது. காய்ச்சல் வந்த வாரம் ஏழு. அதைப் பார்த்து அவர்தான் சோர்ந்து போனார். அவள் எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பிறகு பதினாலு, பதினேழு, பதினாறு. தெரபிஸ்ட் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, முழுசாகத் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது, திரும்பாது என்றும் சொல்ல மாட்டேன் என்றாள். லேபில் இப்போது வேறு ஒருவர் நிரந்தரமாக இருக்கிறார். அக்கா அதைக் கேள்விப்பட்ட அன்றும் வெளியே போய் நின்றாள். "எழுதிக் கொடுக்கறதா இருந்தாலும் அந்தக் கதவைத் தள்ளிக்கிட்டுப் போய்த்தான் கொடுப்பேன்" என்றாள்.

கதவுக்காரர் இப்போதும் ஊர்க் கதவுகளையெல்லாம் லேசாக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அது அவர் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் போதும், எங்கே இருந்தாலும் பையைக் கட்டிவிடுவார். ஷூவைக் கழற்றுவார், முகம் கழுவுவார், கொக்கியை மாட்டுவார்.

இன்று அவர் இழுத்தது பதினாறு, அவளுடையது இருபத்திரண்டு. நாளைக்கு இரண்டு கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு ஆசை ஒன்றுதான். ஒரு நாள் கொக்கியை மாட்டிவிட்டு இழுப்பதற்குள், முள் சைபரில் இருக்கும்போதே, கதவு தானாக வந்து தன் மேல் மோத வேண்டும். அதனால் எப்போதும் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறார்.

அவர் அப்படித்தான் நிற்பார் என்பது கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கும் தெரியும். கையை வைப்பதற்கு முன்னால் வெளியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"இடிச்சுக்கப் போறீங்க. தள்ளி நில்லுங்க."

"நின்னுட்டேன்" என்பார் அவர். நின்ற இடத்திலேயே நிற்பார்.